ஆறு லட்சத்துப் பத்தாயிரம்: கொழிஞ்சாம்பாறை ஸ்விஃப்டுக்கு நாங்கள் போட்ட கணக்கு

தங்கச்சி வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்று 2025 அக்டோபர் கடைசியில் தேட ஆரம்பித்தோம். தங்கச்சியும் மாப்பிள்ளையும் இருப்பது ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார், வாரம் ஒருமுறை பொள்ளாச்சி ஆஸ்பத்திரி. கையில் இருந்தது 5 லட்சம். கார் மாப்பிள்ளை பெயருக்கு மாறி, டயர் வரைக்கும் சரியாகி, வாசலில் வந்து நிற்கும்போது ஆகியிருக்கும் மொத்தச் செலவு அந்த 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கடன்தான்.

கைப்பேசியில் வந்த விளம்பரம் இது: கே.எல். 70 பதிவு, 2018 நவம்பர், பெட்ரோல் மாருதி ஸ்விஃப்ட், வி.எக்ஸ்.ஐ. ரகம், ஒரே ஓனர், 38 ஆயிரம் கிலோமீட்டர், இடம் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. விலை 6,10,000. கீழே ‘பேரம் வேண்டாம்’ என்று ஒரு வரி.

2018-இல் இந்த மாடல் புதிதாக வந்தபோது வி.எக்ஸ்.ஐ.யின் ஷோரூம் விலையே 6 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான். ஏழு வருடம் ஓடிய காருக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விட்டார். நான்தான் நிறுத்தினேன். ஒரே கை, குறைந்த ஓட்டம், தனி ஆள் விற்கிறார், இடைத்தரகர் இல்லை. விலை இப்படி இருப்பதால் வேறு யாரும் அந்த வீட்டுப் படியேறியிருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதல் நாள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டினால் கொழிஞ்சாம்பாறை பக்கம்தான். அந்தப் பக்கமும் தென்னையும் பனையும்தான், கள் இறக்கும் மரங்களில் மொந்தை தொங்குவதை வைத்துத்தான் எல்லை தாண்டியது தெரியும். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. விற்றவரும் அப்படி ஒருவர்தான். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வளைகுடாவில். காரை வாங்கிக் கொடுத்தது மகன், ஓட்டியது அப்பா, அதுவும் கோயிலுக்கும் பாலக்காட்டுக்கும் மட்டும்.

கார் நன்றாக இருந்தது. ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருந்தார். உள்ளே பிளாஸ்டிக் வாசம் கூடப் போகவில்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நாங்கள் காரைச் சுற்றி வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார்.

“நாலு லட்சம்னா இப்பவே டோக்கன் குடுத்தர்றேனுங்க சார்.”

அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “நாலு லட்சத்துக்கு வேணும்னா வேற எடத்துல பாத்துக்கங்க தம்பி. இது எம்பையன் வாங்குன வண்டி.” அவ்வளவுதான். டீயைக் குடித்து முடிக்காமலேயே எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை சொன்ன 4 லட்சம் ஒன்றும் அநியாயமான தொகை இல்லை என்று தெரிந்தது. எங்களுக்கு அந்த கார் பெறுமானம் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் எடுத்து வைத்தால், எதிரில் இருப்பவருக்கு அது மட்டம் தட்டுவது போலத்தான் கேட்கும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சுற்றி நிற்பவர்கள் யாருக்கும் தொகை தெரியாது. அதனால் இறங்கி வருவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. இங்கே இவர் விலையை ஊர் பார்க்க விளம்பரத்தில் போட்டுவிட்டார், ‘பேரம் வேண்டாம்’ என்றும் எழுதிவிட்டார். மனைவி முன்னால், டீத் தம்ளர் கையில் இருக்கும்போது, 2 லட்சம் இறங்கு என்றால் எப்படி இறங்குவார்?

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது

பத்து நாள் கழித்து நான் மட்டும் அவருக்குப் போன் செய்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் விலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “சார், 6.10-னு நீங்க எப்படிக் கணக்குப் பண்ணீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

இருபது நிமிடம் பேசினார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை போல.

அவர் சொன்னதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு இடங்களிலிருந்து அந்தத் தொகை வந்திருந்தது. பழைய கார் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆப்பில் இதே வருடம், இதே மாடல், கொச்சியில் 5.65 லட்சம் என்று போட்டிருந்தது. அது 60 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய கார், தன்னுடையது 38 ஆயிரம்தான், ஆகவே அதைவிட மேலே என்று முடிவு செய்தார். இரண்டாவது, சீட் கவர், பாட்டு கேட்கும் ஸ்டீரியோ, பின்பக்கக் கேமரா, அலாய் வீல் என்று மகன் போட்ட 55 ஆயிரம் ரூபாய்ச் சாமான்கள். மூன்றாவது, புது ஸ்விஃப்ட் ஆரம்ப விலையே ஆறரை லட்சம், ரோட்டுக்கு வரும்போது எட்டு என்று ஆகஸ்ட் மாதம் மருமகன் சொன்னது. நான்காவதை அவர் நேராகச் சொல்லவில்லை. மகன் அனுப்பிய பணத்தில் வந்த முதல் பெரிய பொருள் அது. அதைக் குறைத்து விற்றால் மகனுக்கு என்ன பதில் சொல்வது என்ற நினைப்பு.

இங்கே பேராசை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான்கில் மூன்று, சரிபார்த்தால் கரையக்கூடிய தகவல்கள். நடக்காத விலை கேட்பவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் என்று இத்தனை வருடத்தில் நான் நம்புகிறேன். அந்தத் தொகையோடு சண்டை போட்டால் அது இன்னும் இறுகும். அது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தைத்தான் பேச வேண்டும்.

கொச்சி விலையை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் விற்கும் விலையில் அவர்கள் கார் வாங்கிய விலை, பெயின்ட், சர்வீஸ், இடவாடகை, வாரண்டி, லாபம் எல்லாம் இருக்கும். பழைய கார் வியாபாரி தன் லாபத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். தனி ஆள் தன் சொந்தக் காரை விற்கும்போது அந்த வரியே கிடையாது. அதே நிறுவனத்திடம் இவர் தன் காரை விற்கக் கொண்டுபோனால் என்ன தருவார்கள் என்பதுதான் அவருக்குப் பயன்படும் ஒப்பீடு. இதை நான் வாயால் சொல்லவில்லை. “அந்த ஆப்பிலேயே ‘விற்க’ன்னு ஒரு பகுதி இருக்கும் சார், நம்பர் போட்டுப் பாருங்க, சும்மாதான்” என்றேன். இரண்டு நாளில் அவரே கூப்பிட்டார். 4.20 என்று காட்டியதாம். குரலே இறங்கிவிட்டது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அது அவர்கள் வாங்கும் விலை, தனியாக விற்றால் நிச்சயம் அதற்கு மேலே வரும் என்று சொன்னேன். அது உண்மையும் கூட.

புது கார் விலை விஷயத்தில் அவர் மருமகன் சொன்னது ஆகஸ்டில் சரியாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை 6.49 லட்சத்தில் ஆரம்பித்த ஸ்விஃப்ட் அப்போது 5.79 லட்சத்துக்கு இறங்கியது. புதியதன் விலை 70 ஆயிரம் இறங்கும்போது பழையதன் விலையும் கூடவே இறங்கும். ஆனால் பழையதை விற்பவர்களில் பலர் இன்னும் செப்டம்பருக்கு முந்தைய விலையைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு தகவலை மட்டும் அவர் வேறு எங்காவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வாங்க வருகிறவன் வாயால் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போட்ட சாமான்களைப் பற்றி நான் பேசவே இல்லை. வீட்டில் சாமி அறைக்குப் போட்ட டைல்ஸுக்கு வீடு வாங்குகிறவர் தனியாகக் காசு கொடுப்பதில்லை, காருக்கும் அதேதான். ஆனால் மகன் ஆசையாகப் போட்டதை ஒன்றுமில்லை என்று ஒரு அப்பாவிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கு

விலை கேட்பவரிடம் குறை சொல்வதற்கு முன்னால் நம் கையில் ஒரு நேர்மையான கணக்கு இருக்க வேண்டும். விளம்பரங்களைப் பார்த்து அதைப் போட முடியாது. விளம்பரத்தில் இருப்பது ஒவ்வொருவரும் ஆசைப்படும் விலை. எனக்கு வேண்டியது பணம் கைமாறிய விலை. அதற்கு மூன்று வழிகளில் போனேன். பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவுப் பக்கம் சமீபத்தில் இதே மாடல் வாங்கிய ஆட்களைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்து நேரில் கேட்டேன். மூன்று பேர் கிடைத்தார்கள். 4.70, 4.85, 4.95. இரண்டாவது, ஒரு மாதம் முன்பு விளம்பரத்தில் பார்த்து இப்போது காணாமல் போன கார்களின் எண்களுக்குப் போன் செய்து, “வித்துருச்சுங்களா? நல்ல விலைக்குப் போச்சுங்களா?” என்று கேட்டேன். விற்று முடித்தவர்கள் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை, பாதிப் பேர் சந்தோஷமாகச் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, பழைய காருக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் கேட்டது. அவர் 4.80 என்றார். கடனே வாங்காவிட்டாலும் இந்த எண் ரொம்ப முக்கியம். ஏனென்றால் வங்கிக்காரன் பணத்தைப் போடும் விலை அது.

ஆக, டி.என். 41 பதிவில், அதாவது பொள்ளாச்சிப் பதிவில், ஒரு 2018 ஸ்விஃப்ட் 4.85 என்று வைத்துக்கொண்டோம். 38 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பதற்கு 15 ஆயிரம் சேர்த்து 5 லட்சம்.

டயரைப் பார்த்தபோது பக்கவாட்டில் 4018 என்று இருந்தது. 2018-ஆம் வருடம் 40-ஆவது வாரம் செய்த டயர். பட்டை தேயவே இல்லை, ஓனர் அதைப் பெருமையாகக் காட்டினார். ஆனால் ஏழு வருடமான ரப்பர் தேயாவிட்டாலும் இறுகி வெடிப்பு விடும், மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது. நான்கும் மாற்ற 20 ஆயிரம். இந்தச் செலவை நாங்கள் கழித்ததற்குக் காரணம், ஒப்பிட்ட மூன்று காரிலும் டயர் மாற்றியிருந்தார்கள். இது ஒரு முக்கியமான இடம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது, 2018 கார் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை என்று ஒரு நண்பர் விலை குறைக்கக் காரணம் எடுத்துக் கொடுத்தார். நான் அதை எடுக்கவில்லை. அது 2018-இல் வந்த எல்லாக் காருக்கும் பொதுவான குறை. 4.85 என்ற விலைக்குள்ளேயே அது இருக்கிறது. ஒப்பிட்ட காரில் இல்லாத குறைக்கு மட்டும்தான் கழிக்கலாம். எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டே போனால் நாமும் நடக்காத விலை கேட்கிற ஆள் ஆகிவிடுவோம்.

ஆக 4.80. கேரளாவில் இருக்கும் ஒருவர் இந்த காருக்குக் கொடுக்க வேண்டிய நியாயமான விலை இதுதான் என்று எழுதி வைத்தேன்.

இனி எல்லைக் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு முதலில் சித்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. பாக்கி அபராதம் ஏதாவது இருந்தால் அங்கேயே நிற்கும். கேரளாவில் 2023 ஜூன் முதல் சாலையோரக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன, பெல்ட் போடாமல் போன ஒரு நாள் கூட அதில் ஏறியிருக்கலாம். அதன் பிறகு பொள்ளாச்சியில் புது எண்ணுக்கும் பெயர் மாற்றத்துக்கும் படிவம் 27, 29, 30, தமிழ்நாட்டுக்கு வாழ்நாள் வரி, புது எண் பலகை. வரி எவ்வளவு என்பது காரின் அசல் விலையையும் வயதையும் பொறுத்தது. விசாரித்ததில், எல்லாம் சேர்த்து 70 ஆயிரம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கேரளாவில் 15 வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து வாங்க வேண்டிய பணம். வராத பணத்தை வைத்துக் கார் விலை பேசக் கூடாது.

எல்லையோர ஊர்களில், “எதுக்குங்க மாத்தோணும், நம்ம பக்கம் கே.எல். வண்டி ஓடாததா?” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அடுத்த ஊருக்குப் போய் வருகிற வண்டிதான் என்று காட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. இதை நான் கொஞ்சமும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற கார். விபத்து என்று ஒன்று நடந்தால் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும்.

4.80-இல் 70 ஆயிரம் கழித்தால் 4.10. எங்களுக்கு அந்த கார் அவ்வளவுதான் பெறும். 4.10 கொடுத்து, 70 ஆயிரம் எல்லைச் செலவும் 20 ஆயிரம் டயரும் போட்டால் சரியாக 5 லட்சம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அவர் கேட்டதற்கும் நாங்கள் கொடுக்கக்கூடியதற்கும் இடையில் 2 லட்சம். அதில் 1.30 லட்சம் அவர் பக்கத்துத் தவறான எதிர்பார்ப்பு. மிச்சம் 70 ஆயிரத்துக்கு அவர் பொறுப்பே இல்லை. நாங்கள் கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது மட்டும்தான் அதற்குக் காரணம். மாப்பிள்ளை முதல் நாள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அவர் தலையில் போட்டுவிட்டார். 1.30-ஐப் பேசிக் குறைக்கலாம். 70 ஆயிரத்தை அவர் ஏன் சுமக்க வேண்டும்? பக்கத்துத் தெருக்காரர் அது இல்லாமலே வாங்கிக்கொள்வாரே.

இரண்டாவது முறை

டிசம்பர் முதல் வாரம் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனோம். இந்த முறை மாப்பிள்ளை பேசுவதில்லை என்று ஏற்பாடு. காரைப் பார்க்கும் செலவு 1,500 ரூபாய், நாங்கள் கொடுத்தோம். அவர் பார்த்துச் சொன்னதை ஓனர் எதிரிலேயே சொல்லச் சொன்னேன். தனியாக ஒதுங்கிப் போய்க் காதில் பேசினால் எதிரில் இருப்பவருக்கு வயிறு கலங்கும். வலது முன்கதவில் பெயின்ட் வேலை, அதை அவரே ஒப்புக்கொண்டார், கேட்டில் உரசியதாம். கிளட்ச் பரவாயில்லை. சீட் தண்டவாளம், பெல்ட்டின் அடிப்பகுதி, ஸ்டெப்னி குழி எல்லாம் பார்த்தோம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பாலக்காடும் மாட்டியது, இந்தக் கார் பதிவானது அதற்கு மூன்று மாதம் பின்னால்தான். இருந்தாலும் கேரளாக் கார் என்றால் பார்த்துவிடுவது நல்லது. சேறு, துரு எதுவும் இல்லை.

“வண்டி நீங்க சொன்னதவிட நல்லாவே இருக்குங்க சார்” என்றேன். அது உண்மை. நல்லதை நல்லது என்று சொல்லாமல் குறையை மட்டும் அடுக்குபவன் பேச்சை அப்புறம் யார் நம்புவார்கள்?

பிறகு காகிதம் கேட்டேன். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துக் கொடுத்தார். அதில் ஐ.டி.வி. என்ற கட்டத்தில், அதாவது கார் திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ கம்பெனி கொடுக்க ஒப்புக்கொண்ட மதிப்பில், 3,95,000 என்று இருந்தது. அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஐந்து வருடம் வரைக்கும் இந்த மதிப்புக்கு ஒரு அட்டவணை உண்டு: ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம் கழிவு, இரண்டு தாண்டினால் 30, மூன்றுக்கு 40, நான்குக்கு 50. ஐந்துக்கு மேல் கம்பெனியும் ஓனரும் பேசி வைப்பது. சந்தை விலை பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், ஆகவே 3.95-க்குக் கொடுங்கள் என்று கேட்பது நேர்மை இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். ஆனால் அவருடைய டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே, அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில், அவர் பிரீமியம் கட்டிய எண் அது. 6.10-க்கும் அதற்கும் உள்ள தூரத்தை அவரே பார்த்துக்கொண்டார்.

அதே பாலிசியில் க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி 50 சதவீதம் இருந்தது. அது காரோடு போகாது, ஆளோடுதான் இருக்கும். காரை விற்றதும் கம்பெனியிடம் அதற்கு ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்து வாங்கும் காருக்குப் பயன்படுத்தலாம். அவர் ஆட்டோமேடிக் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தார், கால் வலி. இதைச் சொன்னதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

அப்புறம் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முழுக் கணக்கையும் காட்டினேன். 4.85, 15 ஆயிரம் கூட்டல், 20 ஆயிரம் கழித்தல், 4.80. “கேரளாக்காரர் வந்தா இந்த வெல தாராளமா கேக்கலாமுங்க சார். இதுக்குக் கொறச்சுக் குடுத்தறாதீங்க.” அதற்குக் கீழே 70 ஆயிரம். “இது எங்க பக்கத்துச் செலவு. உங்க தப்பு இல்ல. ஆனா எங்களால 4.10-க்கு மேல முடியாது.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்றார். டீயைக் குடித்து முடித்தோம். டோக்கன் எதுவும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு

விளம்பரத்தில் விலை 5.40 ஆனது. கிறிஸ்துமஸ் சமயம் 5. நான் வாரம் ஒருமுறை கூட அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் வேறு ஆள் இல்லாததால் தொங்குகிறான் என்று நினைப்பார், அதைவிட முக்கியமாக, சொன்னதைச் சொல்லியாகிவிட்டது. இதில் பொறுமை காப்பதுதான் கஷ்டம். தங்கச்சி இரண்டு முறை, “அண்ணா, அந்தக் காரையே எடுத்துக்கலாம்ல?” என்று கேட்டாள். மாமியாரை ஆட்டோவில் கூட்டிப்போய் வந்த நாளில் எனக்கே மனசு அசைந்தது.

இதற்கு நடுவில் மீனாட்சிபுரம் ரோட்டில் ஒரு டீசல் காரைப் பார்த்தோம். அதன் விலையும் ஏறுமாறாக இருந்தது. எப்படிக் கணக்குப் பண்ணீங்க என்று கேட்டதும் உடனே தெரிந்துவிட்டது: வங்கிக்கு அவர் கட்ட வேண்டிய பாக்கிதான் அந்த விலை. இப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கணக்கும் வேலை செய்யாது. அவரால் குறைக்கவே முடியாது, குறைத்தால் கையிலிருந்து போட வேண்டும். ஆர்.சி.யில் கடன் பதிவு வேறு நிற்கிறது, கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றும் படிவம் 35-ம் வரும் வரைக்கும் பெயர் மாறாது. நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

2026 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம், கொழிஞ்சாம்பாறை சாரே கூப்பிட்டார். 4.60 என்றால் உங்களுக்கே தருகிறேன், நீங்கள்தான் ஒழுங்காகப் பேசினீர்கள் என்றார். 6.10-லிருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்தவரிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வாங்கிவிடுவார்கள். ஒன்றரை லட்சம் குறைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் எங்கள் வாசலுக்கு வரும்போது அது 5.50. குறைந்தது எவ்வளவு என்று பார்த்தால் லாபம் போலத் தெரியும், ஆகப்போகும் மொத்தத்தைப் பார்த்தால் 50 ஆயிரம் கடன். மாப்பிள்ளையிடம் கேட்டேன். “வேண்டாமுங்க மச்சான்” என்றார், அவருக்கும் வருத்தம்தான்.

சாரிடம் முடியாது என்று சொன்னேன். கேரளாவுக்குள்ளேயே விற்கச் சொன்னேன், 4.80-க்குப் பக்கத்தில் கட்டாயம் போகும் என்றேன். சரி தம்பி என்றார்.

அந்த மாதக் கடைசியில் அங்கலக்குறிச்சிப் பக்கம் டி.என். 41 பதிவில் 2017 கிராண்ட் ஐ10 ஒன்று கிடைத்தது. 61 ஆயிரம் கிலோமீட்டர். கேட்டது 4.40, முடிந்தது 4.05. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், இரண்டு டயர், ஒரு முழு சர்வீஸ் எல்லாம் சேர்த்து 4.31. ஸ்விஃப்ட் அளவுக்குப் பளபளப்பு இல்லை. தங்கச்சி அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை, மாமியாருக்கு ஏறி இறங்கச் சுலபமாக இருக்கிறது.

பிப்ரவரியில் சார் மறுபடி கூப்பிட்டார். கார் 4.75-க்குப் போய்விட்டது, சித்தூரில் ஒரு டீச்சர் வாங்கியிருக்கிறார். பணம் முழுசாக வந்துவிட்டது. ஆனால் வாங்கினவர் பெயர் மாற்றிவிட்டாரா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் மேல்தான் வரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29 கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன், கொடுத்திருந்தார். வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் ஆப்பைத் திறந்து வண்டி எண்ணைப் போடச் சொன்னேன்.

போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தூரத்திலிருந்து கேட்டது, மனைவியிடம் சொல்கிறார்: “ஓனர் பேரு மாறிருச்சு. நம்ம பேரு இல்ல.”